பதிமூன்று நாள் மூத்தவள்

பிஷெமிஷல்
11 செப்டம்பர் 1992, வெள்ளிக்கிழமை

அன்புள்ள லெஷெக்,

இங்கே நானும் தாத்தாவும் சௌக்கியம். நீயும் அங்கே சிகாகோவில் கூரைமேல் ஏறும்போது இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, வேளைக்குச் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்டு எழுதியிருக்கிறாய். உன்னோடு வேலை செய்யும் உக்ரேனியப் பையன் மிரோன், “உங்க ஆளுங்கதான் எங்க தாத்தா ஊரைக் கொளுத்தினாங்க” என்றானாம். நீ சும்மா இருக்காமல், “எங்க ஊரைக் கொளுத்தினது யாரு, வானத்துலேர்ந்து விழுந்த இடியா” என்றாயாம். பத்து நாளாக ஒரே ஏணியின் இரண்டு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருக்கிறீர்களாம். அம்மா வரலாறு படித்தவள், ஆவணக் காப்பகத்தில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறவள், ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்க்கிறாய். லெஷெக், எனக்குத் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. உக்ரேனியக் கோசாக்குப் படையினர் நம் பிரபுக்களின் மாளிகைகளைக் கொளுத்திய காலத்திலிருந்து ஆரம்பிக்கலாம். பிரபுக்கள் அவர்களை என்ன பாடு படுத்தினார்கள் என்று அதற்கும் முன்னாலிருந்து ஆரம்பிக்கலாம். பதினெட்டாம் வருட நவம்பரில் இதே ஊரில் சான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவர்களும் அந்தப் பக்கம் நாமும் நின்று சுட்டுக்கொண்டதிலிருந்து ஆரம்பிக்கலாம். வோலினில் நாற்பத்து மூன்றில் நம்மவர்களை அவர்கள் கொன்று குவித்ததிலிருந்தோ, நாற்பத்தேழில் நம் ராணுவம் அவர்களை வீடு வீடாகக் காலி செய்து ரயிலில் ஏற்றியதிலிருந்தோ ஆரம்பிக்கலாம். எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதல் தாளில் ‘இதற்குப் பதிலடியாக’ என்றுதான் இருக்கிறது. அதற்கு முந்தைய கோப்பைத் தேடி எடுத்தால் அதிலும் அப்படியே.

ஆனால் இன்றைக்கு நான் உட்கார்ந்து எழுதுவது அதைச் சொல்ல இல்லை. எனக்குக் கை ஓடவில்லை, அல்லது மிக வேகமாக ஓடுகிறது; எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நாளைக்குக் காலை உக்ரேனிலிருந்து, லிவிவ் ரயிலில் உன் தாத்தாவின் தங்கை வருகிறாள். அவருக்குத் தங்கை இருக்கிறாள் என்பதே உனக்குத் தெரியாது. எனக்கும் பதினாறு வயது வரை தெரியாது. என் அம்மா ஒருநாள் துணி மடிக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “உங்கப்பா காதுல விழாம பார்த்துக்கோ” என்றாள். வெறும் தங்கை இல்லை, இரட்டைப் பிறவி. பெயர் பராஸ்கா. ஃபெலிக்ஸ் என்ற போலந்துக்காரருக்குப் பராஸ்கா என்று உக்ரேனியப் பெயரில் எப்படி உடன்பிறந்தவள் என்று கேட்பாய். நம் பக்கத்துக் கிராமங்களில் கலப்புக் கல்யாணங்களுக்கு இருந்த ஏற்பாடு அதுதான். ஆண் குழந்தை அப்பாவின் கோயிலுக்கு, பெண் குழந்தை அம்மாவின் கோயிலுக்கு. என் தாத்தா போலந்துக்காரர், ஆற்றுச் சண்டையில் துப்பாக்கியோடு பாலத்தின் ஒரு முனையில் படுத்துக் கிடந்தவர். மறுமுனையில் படுத்துக் கிடந்தவனின் தங்கையை ஒரு வருடம் ஆவதற்குள் கட்டிக்கொண்டார். மைத்துனர்கள் இருவரும் கல்யாண விருந்தில், “உன் குண்டு என் தொப்பியைத்தான் எடுத்துச்சு”, “கொஞ்சம் கீழே பார்த்துச் சுட்டிருந்தா இன்னிக்கு சாப்பாட்டுச் செலவு மிச்சம்” என்று பேசிச் சிரித்தார்களாம். அப்போது இன்னும் சிரிக்க முடிந்தது. இரட்டைக் குழந்தைகள் பிறந்ததும் பையனைப் போலந்துக் கோயிலுக்கும் பெண்ணை உக்ரேனியக் கோயிலுக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரே தொட்டிலில் இரண்டு தேசம் என்று இப்போது யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். அவர்களுக்கு அது வெறும் வழக்கம்.

பராஸ்கா அத்தை வளர்ந்து ஆற்றுக்கு மேலே இருந்த உக்ரேனியக் கிராமத்தில் ஒனுஃப்ரி என்ற கோயில் பாடகரைக் கட்டிக்கொண்டு போனாள். நாற்பத்தைந்தாம் வருட ஏப்ரலில் அவளிடமிருந்து உன் தாத்தாவுக்கு ஒரு சீட்டு வந்தது. பென்சிலில் நாலு வரி: பன்னிரண்டாம் தேதி குழந்தைக்கு ஞானஸ்நானம், அப்பாவையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு, அன்றைக்கு வீட்டில் யாரும் தங்க வேண்டாம். அவளுக்கு அப்போது குழந்தையே கிடையாது. தாத்தா ஊர்க்காவலில் இருந்தவர், உடனே புரிந்துகொண்டார். காட்டில் இருந்த உக்ரேனியப் போராளிகள் வரப்போகிறார்கள், தங்கை எச்சரிக்கிறாள். பதினோராம் தேதியே தன் அப்பாவையும் பதினான்கு குடும்பங்களையும் வண்டிகளில் ஏற்றி இந்த ஊருக்குக் கூட்டி வந்துவிட்டார். மூன்று இரவு பள்ளிக்கூட வராந்தாவில் கிடந்தார்கள். எங்கள் கிராமமான யாவோர்காவுக்கு ஒரு பூனைகூட வரவில்லை. மாடுகள் பால் கறக்காமல் கத்திக்கொண்டிருந்ததுதான் மிச்சம். ஊர் திரும்பியபோது அவரை என்ன கேலி செய்தார்கள் தெரியுமா? “ஃபெலிக்ஸ், ஞானஸ்நான விருந்துல கறி வெந்துச்சா?” என்று ஒருவன், “தங்கச்சி உன்னை ஊரை விட்டே ஓட்டிட்டாளேடா” என்று இன்னொருவன். சரியாகப் பதிமூன்று நாள் கழித்து, இருபத்தைந்தாம் தேதி, அவர்கள் வந்தார்கள். அந்த முறை யாரும் கிளம்பியிருக்கவில்லை. பதினோரு பேர் போனார்கள், அதில் ஒருவர் என் தாத்தா, இரட்டையர்களின் அப்பா. அதற்கு முந்தைய மாதம் பக்கத்து உக்ரேனியக் கிராமம் ஒன்றில் நம் ஆட்கள் செய்ததையும் நான் கோப்பில் படித்திருக்கிறேன், மிரோனிடம் பேசும்போது அதை மறந்துவிடாதே. அது நடந்த அன்று உன் தாத்தா எங்கே இருந்தார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்கிற தைரியம் இல்லை. அந்தச் சீட்டை மட்டும் அவர் கிழித்துப் போடவில்லை, ஜெபப் புத்தகத்தின் பின்னட்டைக்குள் வைத்திருந்தார். நாற்பத்தேழு வருடமாக அவர் நம்பியது இதுதான்: பராஸ்கா வேண்டுமென்றே தவறான நாளைச் சொன்னாள், ஒருமுறை ஏமாந்தவன் இரண்டாம் முறை நகரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அவள் பெயரை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

மூன்று வருடம் முன்பு, எல்லைக் கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்தபோது, நான் அவருக்குத் தெரியாமல், ஆட்களைத் தேடிக் கொடுக்கும் அமைப்பு ஒன்றுக்கு எழுதிப் போட்டேன். பிறந்த தேதி தெரியும், தாத்தாவின் தேதிதானே: 1921 ஜனவரி ஆறு. அப்படி ஒருத்தி இல்லை என்று பதில் வந்தது. சரி, இறந்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். போன மே மாதம் யாவோர்கா உக்ரேனியக் கோயிலின் பதிவேடு என் மேஜைக்கு வந்தது, பட்டியல் போடுவதற்காக. விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டே வந்தேன். பராஸ்கா, பதினேழாம் எண் வீடு, என் தாத்தா பெயர், என் பாட்டி பெயர், உன் தாத்தா பிறந்தபோது பிரசவம் பார்த்த அதே மருத்துவச்சி. பிறந்த தேதி 1920 டிசம்பர் இருபத்து நான்கு. முதலில் பாதிரியாருக்குக் கை தவறியிருக்கும் என்றுதான் நினைத்தேன். பிறகு விரல் விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தேன். அவர்கள் கோயில் பஞ்சாங்கம் நம்முடையதற்குப் பதிமூன்று நாள் பின்னால் ஓடுகிறது, இது இங்கே சந்தையில் முட்டை விற்கிறவளுக்கும் தெரியும். இரண்டு கிறிஸ்துமஸுக்கும் கேக் சாப்பிட்டு வளர்ந்தவன்தானே நீயும். மற்ற பாதிரியார்கள் எல்லாரும் இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவார்கள். இந்த ஒரு மனிதர் பிடிவாதக்காரர், தன் தேதியை மட்டும் எழுதியிருக்கிறார். நான் உடனே நம்பிவிடவில்லை. இருபத்தேழாம் வருட ஆலங்கட்டி மழையில் செத்துப்போன இரண்டு இடையர்களை எடுத்துப் பார்த்தேன். நகரப் பதிவில் ஒரு தேதி, இவர் ஏட்டில் பதிமூன்று நாள் முந்தைய தேதி. இன்னும் நான்கு பார்த்தேன். எல்லாம் பதிமூன்று. ஆக, காகிதத்தின்படி, அரை மணி நேரம் பின்னால் பிறந்த தங்கை பதிமூன்று நாள் முன்னால், அதுவும் முந்தைய வருடத்தில், பிறந்திருக்கிறாள். நான் வாசிப்பறையிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஜன்னலோர மேஜையில் இருந்த பேராசிரியர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக முறைத்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சீட்டு ஞாபகத்துக்கு வந்தது. அவள் கோயில் கணக்கில் பன்னிரண்டு, நம் கணக்கில் இருபத்தைந்து. எழுந்துபோய்க் கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

புதிய தேதியைப் போட்டு, நம் பக்கத்து உக்ரேனியர்களை அதிகம் குடியேற்றிய தெர்னோபிலின் முகவரி அலுவலகத்துக்கு எழுதினேன். ஜூலையில் முகவரி வந்தது, உயிரோடு இருக்கிறாள் என்று. தாத்தா இருக்கிறார், நான் அவர் மகள், ஏட்டின்படி நீங்கள்தான் அவருக்கு மூத்தவர் என்று நாலு வரி எழுதிப் போட்டேன். ஆகஸ்டில் அவளிடமிருந்தே கடிதம். லெஷெக், நான் எதையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். பன்னிரண்டும் இருபத்தைந்தும் தற்செயலாகவும் பொருந்தலாம் என்று ஜூலை முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கடிதத்தின் மேலே ‘ஜூலை 28’ என்று எழுதியிருந்தாள். உறையில் அஞ்சல் முத்திரை ஆகஸ்ட் பத்து. நாற்பத்தாறு வருடம் ரஷ்யக்காரன் ஆட்சி மாற்றாததை வேறு யார் மாற்றுவார்கள்? கோயில் பாடகரின் வீட்டில் காலண்டர் என்றால் அது ஒன்றுதான். நான் அந்த உறையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஓடி ஏறினேன். லிஃப்ட் இன்னும் சரிசெய்யப்படவில்லை. கடிதத்தில் அவள் சொல்கிறாள், காட்டுக்காரர்கள் அவள் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசினார்களாம், அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றபடி எல்லாவற்றையும் கேட்டாளாம், இரண்டே நாளில் பால்காரி மூலம் சீட்டைக் கொடுத்து அனுப்பினாளாம். அந்த இலையுதிர் காலத்திலேயே அவர்களைக் கிழக்கே ஏற்றி அனுப்பிவிட்டார்கள், அப்புறம் ஒன்றும் தெரியாது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்: “ஃபெலிக்ஸ் என் சீட்டை நம்பினானா? அப்பா அன்னிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினாரா?” நாற்பத்தேழு வருடமாக அவளுக்கு இதற்குப் பதில் தெரியாது. நான் ‘புறப்பட்டு வாருங்கள் அத்தை’ என்று மட்டும் பதில் எழுதினேன். அவள் அப்பாவுக்கு நடந்ததைக் காகிதத்தில் எழுத என்னால் முடியவில்லை.

தந்தி புதன்கிழமை வந்தது: சனிக்கிழமை பதினொன்று நாற்பதுக்குப் பிஷெமிஷல் வந்து சேர்கிறேன், பராஸ்கா. இனிமேல் மறைக்க முடியாது. தாத்தா சமையலறையில் பிளம் பழத்துக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார், ஒரு கூடை நிறைய, இந்த வருடம் பழம் நிறைய வந்திருக்கிறது. நான் எதிரே உட்கார்ந்து வேலை விஷயம் சொல்வதுபோல எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பதிவேடு, இடையர்கள், முத்திரை. அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. நான் முடித்த பிறகு கிண்ணத்திலிருந்து கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜை ஓரமாக வரிசை வைத்தார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே வைத்தார். பதிமூன்று வைத்ததும் நிறுத்தினார். பிறகு, “சர்க்கரை பத்தாது, இன்னும் ஒரு கிலோ வாங்கிட்டு வந்துடு” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். நான் சர்க்கரை வாங்கப் போனேன், வேறு என்ன செய்வது. நேற்றுக் காலை என் மேஜைமேல் அந்தச் சீட்டு இருந்தது. மடிப்புகளில் இற்றுப்போய், பென்சில் எழுத்து வெள்ளி நிறமாகி. இன்று சாயங்காலம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டார், ஆனால் அது வெள்ளிக்கிழமை தோறும் போடுவதுதான், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. தந்தியைக் கேட்டு வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துத் திருப்பிக் கொடுத்தார். “நாளைக்கு வர்றீங்களாப்பா?” என்று கேட்டேன். “ஸ்டெஃபானியா காரு சின்னது” என்றார். பக்கத்து வீட்டு ஸ்டெஃபானியா தன் குட்டி ஃபியட்டில் பதினோரு மணிக்கு என்னைக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். நான்கு பேர் தாராளமாக உட்காரலாம், அவருக்கும் தெரியும்.

ஆகவே உன் கேள்விக்கு மட்டுமில்லை, என் கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியாது. நாளைக்கு அவர் வருவாரா? வந்தால் என்ன பேசுவார்? வராவிட்டால், அப்பா கிளம்பினாரா என்று அவள் நடைமேடையிலேயே கேட்டால், நான் என்ன சொல்வேன்? அவள் சரியாக எச்சரித்தாள், இவர் சரியாக நம்பினார், இரண்டு பேருமே செய்ய வேண்டியதைச் செய்தார்கள், அப்படியும் அப்பா போய்விட்டார் என்று எழுபத்தொரு வயதுக் கிழவியிடம் யார் சொல்வது? பயமாக இருக்கிறது, ஆனால் மறைப்பானேன், குழந்தைபோல நேரத்தை எண்ணிக்கொண்டும் இருக்கிறேன். அறையைக் கூட்டிவிட்டேன், உன் படுக்கையில்தான் அவளுக்கு இடம். காளான் வைத்த பிரோகிக் கொழுக்கட்டை நாற்பது செய்து வைத்திருக்கிறேன், பீட்ரூட் சூப் அடுப்பில் இருக்கிறது. நீ ஒன்று செய். மிரோனிடம் போய் அவன் தாத்தாவின் ஊர்ப் பெயர் என்ன என்று கேள். அதை மட்டும் கேள், வேறு ஒன்றும் வாதாடாதே. பெயரை எனக்கு எழுதி அனுப்பு, எங்களிடம் ஏடு இருக்கிறதா என்று பார்க்கிறேன். குளிருக்கு முன்னால் நல்ல ஷூ ஒன்று வாங்கிக்கொள், அங்கே கூரையில் ஓடுகிற காலுக்குப் பழைய ஷூ ஆகாது. இன்னொன்று ஞாபகம் வை: போன முறை நீ போன் செய்தபோது இங்கே விடியற்காலை நாலு மணி, தாத்தா யாரோ செத்துவிட்டார்கள் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஏழு மணி நேர வித்தியாசம் என்று எத்தனை தடவை சொல்வது? படித்த பிள்ளை, கணக்குப் பார்த்துச் செய்.

கடவுள் உன்னை உயரத்திலும் தரையிலும் கைவிடாமல் காக்கட்டும். உன் அப்பா இருந்திருந்தால் இந்தக் கதையைக் கேட்டு மேஜையைத் தட்டிச் சிரித்திருப்பார். அவர் சார்பாகவும் ஒரு முத்தம்.

உன் அம்மா
லுட்விகா

சனிக்கிழமை சாயங்காலம். உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். காலை எட்டரைக்குத் தாத்தாவைக் காபி குடிக்கக் கூப்பிட்டேன். கட்டில் விரித்து ஒழுங்காக இருந்தது, ஆள் இல்லை. பாலிஷ் போட்ட ஷூவும் இல்லை, மேஜைமேல் இருந்த சீட்டும் இல்லை. ஓடிப்போய்விட்டார் என்றுதான் நினைத்தேன், யாவோர்கா பேருந்தைப் பிடித்திருப்பார், நான்தான் அவரைத் துரத்திவிட்டேன் என்று. பதினொன்றே காலுக்குத் தனியாக நிலையத்தில் இறங்கினேன். கிழக்கு நடைமேடை ஏறக்குறையக் காலி, துடைப்பக்காரி மட்டும் பெருக்கிக்கொண்டிருந்தாள். கடைசிப் பெஞ்சில் இரண்டு கிழங்கள். ஒன்று தாத்தா. மற்றது தலைத்துணி கட்டிய, கையளவு சிறிய பெண். அவர் முகம்தான், மீசை மட்டும் இல்லை. நடுவில் செய்தித்தாளை விரித்துக் கசகசா ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள், சண்டையும் போட்டுக்கொண்டிருந்தார்கள். “உன் பொண்ணே எழுதியிருக்காடா, காகிதத்துல நான்தான் மூத்தவ, அதுவும் போன வருஷத்துக்காரி, பையை எடுத்துக்கிட்டு பேசாம நட” என்கிறாள் அவள். “அரை மணி நேரம் தனியாக் கிடந்து உனக்காகக் காத்துக்கிட்டிருந்தவன் நானு” என்கிறார் இவர். ரயில் பத்து நாற்பதுக்கே வந்துவிட்டதாம். அத்தை தன் ஊர்க் கடிகாரப்படி தந்தி கொடுத்திருக்கிறாள், அவர்கள் ஒரு மணி நேரம் நமக்கு முன்னால். பதிமூன்று நாளைக் கண்டுபிடித்தவளுக்கு இது தோன்றவில்லை. தாத்தா விடியற்காலையே நடந்துவந்து டிக்கெட் கொடுக்கிறவளை எழுப்பிக் கேட்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டி, “தேதியைப் பார்த்த, சரி. யார் கடிகாரம்னு கேட்டியா?” என்றார். அத்தை என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, “லேட்டா வந்தா என்ன, நம்ம ரத்தம் அப்படித்தான்” என்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

மத்தியானம் அவள் உன் படுக்கையில் தூங்கியபோது தாத்தா சமையலறைக்கு வந்து மிச்சப் பிளம் பழத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவராகவே, “அப்பாவைப் பத்திச் சொல்லிட்டேன்” என்றார். அத்தை என்ன சொன்னாள் என்று கேட்டேன். சீட்டை வாங்கிப் பார்த்தாளாம், திருப்பிக் கொடுத்தாளாம். பிறகு மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி, ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்து, சரியாக இருக்கிறதா என்று அவர் கடிகாரத்தோடு ஒட்டவைத்துப் பார்த்துவிட்டுக் கட்டிக்கொண்டாளாம்.